இருபத்தாறு பகுதியிலிருந்து ஐந்து கேள்விக்கு: ஒரு கட்டுரைத் தலைப்பு சுருங்கிய விதம்

எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கும் மாணவி ஒருவருக்கு வகுப்பில் கொடுத்த வேலை இது: ஏதாவது ஓர் அபுனைவு நூலை எடுத்து 1500 சொல்லில் ரெட்டரிக்கல் அனாலிசிஸ் எழுத வேண்டும். அதாவது, நூல் என்ன சொல்கிறது என்பது முக்கியமில்லை. யாரிடம் சொல்கிறது, எந்தச் சந்தர்ப்பத்தில், எப்படிப் பேசிக் கேட்பவரை அசைக்கப் பார்க்கிறது என்பதைத்தான் எழுத வேண்டும். அவர் எடுத்தது அம்பேத்கரின் 'சாதியை அழித்தொழித்தல்', ஆங்கில மூலம். "சாதியை அழித்தொழித்தல் நூலில் அம்பேத்கர் கையாளும் சொல்லாட்சி உத்திகள்" என்று ஒரு தலைப்பை எழுதிக்கொண்டு என்னிடம் காட்ட வந்தார்.

இந்தத் தலைப்பை யாராலும் மறுக்க முடியாது. எந்த நூலின் பெயரையும் எந்த ஆசிரியரின் பெயரையும் அதில் மாற்றிப் போட்டாலும் அது அப்படியே நிற்கும். அங்கேயே சிக்கல் தொடங்குகிறது. அந்த நூலில் 26 பகுதிகள். 1500 சொல்லை 26-ஆல் வகுத்தால் ஒரு பகுதிக்கு அறுபது சொல்கூட வராது. அறுபது சொல்லில் ஒரு பகுதி எதைப் பற்றியது என்று சொல்லலாம், அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லவே முடியாது. ஆக, கட்டுரை தானாகவே சுருக்கம் ஆகிவிடும். மாணவர்கள் சுருக்கம் எழுதுவது சோம்பேறித்தனத்தால் என்று நிறைய ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் தலைப்பே அவர்களை அங்கே தள்ளிவிடுகிறது.

இந்த நூலை எடுத்தால் இன்னொரு பள்ளமும் உண்டு. அதன் பின்கதை அவ்வளவு சுவாரசியம். லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்று ஒரு அமைப்பு, சாதி இந்துக்களே சாதியை ஒழிக்க வேண்டும் என்று நடத்தியது. தங்கள் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கச் சொல்லி 1935 டிசம்பரில் அம்பேத்கருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவர் நாசிக் பக்கத்து இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்திருந்தார். அந்த மாநாட்டுக்காக அவர் எழுதிய தலைமையுரைதான் இந்த நூல். உரையின் அச்சுப்படி மண்டலின் கைக்குப் போனதும் அவர்களுக்குக் கை நடுங்குகிறது. வேதங்களைப் பற்றிய இடங்களை எடுத்துவிடலாமே என்று கேட்கிறார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று முன்பே சொன்னேனே என்கிறார் இவர். மாநாடு நடக்கவில்லை. பேசாத உரையை 1936 மே மாதம் தானே அச்சடித்து வெளியிடுகிறார். 1500 பிரதியும் இரண்டே மாதத்தில் தீர்ந்துவிட்டன என்று 1937-இல் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதுகிறார், குஜராத்தியிலும் தமிழிலும் அதற்குள் வந்துவிட்டது என்றும் சேர்த்துச் சொல்கிறார். காந்தி ஜூலை மாதம் 'ஹரிஜன்' இதழில் பதில் எழுதும்போது, எட்டணா விலை அதிகம், இரண்டணா ஆக்கலாம், குறைந்தது நாலணாவாவது ஆக்கலாம் என்றுகூட ஒரு வரி எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் படித்த யாருக்கும் கதையைச் சொல்லத்தான் கை துறுதுறுக்கும். மாணவிக்கும் அப்படித்தான். கொஞ்ச நாள் அவருடைய தலைப்பு, "பேசப்படாத உரை: மண்டலுக்கும் அம்பேத்கருக்கும் இடையிலான கடிதங்கள்" என்று மாறிப்போனது. முந்தையதைவிட இது குறுகலான தலைப்புதான், ஆனால் குறுகலாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. எழுதிய முதல் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன்: யார் எப்போது எழுதினார்கள், அதற்கு அவர் என்ன பதில் சொன்னார், பிறகு என்ன ஆனது. நல்ல வரலாற்றுக் குறிப்பு. வாசகரை அசைக்க ஒரு வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. கடிதங்களையும் ரெட்டரிக்காகப் படிக்கலாம், அது வேறு. ஆனால் அவருக்கு அதில் இருந்த ஈர்ப்பு சண்டையின் மேல்தான், கடிதத்தின் மேல் இல்லை.

அப்புறம் வந்தது எல்லாரும் ஒருமுறை போய் நின்றுவிட்டு வரும் ஊர்: ஈதோஸ், பேதோஸ், லோகோஸ். பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் என்று அரிஸ்டாட்டில் பிரித்த மூன்று. "அம்பேத்கர் ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் மூன்றையும் திறம்படப் பயன்படுத்துகிறார்" என்று மையக் கருத்தையே எழுதிவிட்டார். இந்த வாக்கியத்தை எந்தத் தேர்தல் மேடைப் பேச்சுக்கும் ஒட்டலாம், சோப்பு விளம்பரத்துக்கும் ஒட்டலாம். அஞ்சறைப் பெட்டியில் கடுகு, சீரகம், மிளகு என்று பிரித்துப் போட்டுவிட்டதால் குழம்பு ஆகிவிடாது. இந்த மூன்றும் பிரித்து வைக்க உதவும், அவ்வளவுதான். பிரிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே நூலில் ஓர் இடம் இருக்கிறது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா என்ற கிராமம். தீர்த்த யாத்திரை போய்த் திரும்பிய தீண்டப்படாதவர் ஒருவர் தன் ஆட்களுக்கு விருந்து வைக்கிறார், சாப்பாட்டில் நெய் ஊற்றுகிறார். நெய் ஊற்றியதற்காக நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடியோடு வந்து சாப்பாட்டை நாசம் செய்து விருந்தினர்களை அடிக்கிறார்கள். 1936 ஏப்ரல் 1-ஆம் தேதி வாக்கில் நடந்தது என்று தேதியோடு சொல்கிறார். சரி, இது லோகோஸா பேதோஸா? ஆதாரம் என்று பார்த்தால் லோகோஸ், வயிறு எரிகிறதென்றால் பேதோஸ். இரண்டும்தான் என்று எழுதலாம், எழுதி என்ன கண்டோம்?

அதே இடத்தில் வேறு ஒன்றைக் கேட்டால் விஷயம் வருகிறது. அம்பேத்கருக்குத் தன் வாழ்க்கையிலேயே இப்படிப்பட்ட அவமானங்கள் எத்தனையோ இருந்தன. இந்தப் பகுதியில் அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. இந்தூர் பக்கத்து பலாய் என்ற தீண்டப்படாத மக்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளைச் சொல்லும்போது 1928 ஜனவரியில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் வந்த செய்தியை எடுத்து வைக்கிறார். தான் பட்டதைச் சொல்லாமல், ஊரார் படித்த பத்திரிகையை ஏன் காட்டுகிறார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஒரு கட்டுரை உண்டு. ஈதோஸ் என்ற சொல் அந்தக் கட்டுரைக்குள் வரலாம், வராமலும் போகலாம்.

முதல் பகுதியையும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தோம். தலைமை தாங்க வந்தவர், என்னைக் கூப்பிட்டதற்காக மண்டல்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்று தொடங்குகிறார். லாகூர் கூட்டத்துக்குப் பம்பாயிலிருந்து ஆளைக் கொண்டுவரவேண்டுமா என்று கேட்பார்கள். நான் இந்துக்களை விமர்சித்தவன், அவர்கள் வணங்கும் மகாத்மாவின் அதிகாரத்தையே கேள்வி கேட்டவன், அவர்கள் தோட்டத்துப் பாம்பு நான் என்கிறார். தன் தகுதியைத் தானே கிழித்துப்போட்டுவிட்டுப் பேச உட்காருகிற மனிதர். எழுதத் தக்க தலைப்பு இது, 800 சொல் கட்டுரை என்றால் இதையே எழுதச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பகுதியின் வேலை மேலேயே தெரிகிறது, அது எள்ளல் என்று முதல் வாசிப்பிலேயே எல்லாருக்கும் புரியும். அதற்கு மேல் 1500 சொல்லுக்குத் தோண்ட வேண்டுமென்றால் எழுதுபவருக்கு அந்த இடத்தில் ஏதாவது உறுத்த வேண்டும். இவருக்கு அங்கே உறுத்தவில்லை, பிடித்திருந்தது, அவ்வளவுதான். பிடித்த இடத்தைத் தலைப்பாக்கினால் பாராட்டுரை வரும். அவருடைய குறிப்பேட்டில் ஏற்கெனவே "சக்திவாய்ந்த", "நெஞ்சை உலுக்கும்" எல்லாம் வர ஆரம்பித்திருந்தன. அம்பேத்கர் மேல் மரியாதை இருப்பது நல்லதுதான், ஆனால் பாராட்டும் சொல் ஒவ்வொன்றும் ஆராய வேண்டிய ஒரு இடத்தை மூடிவைத்துவிடுகிறது.

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்டேன். "எது பிடிச்சுது விடும்மா. படிச்சிட்டு வரும்போது எங்க நின்ன?"

யோசித்துவிட்டு இரண்டாம் பகுதியைத் திறந்தார். "இங்க சார். ரெண்டு மூணு பக்கம் சம்பவம் சம்பவமா சொல்றார். அப்புறம் கேள்வி கேக்கறார். ஒரே கேள்வியை அஞ்சு தடவை. ஒரு வாக்கியத்துல முடிச்சிருக்கலாமே, எதுக்கு இப்படி?"

தலைப்பு பிறந்தது இந்த இடத்தில்தான் என்பேன். "எதுக்கு இப்படி" என்ற எரிச்சலில் ரெட்டரிக் கேள்வியின் விதை இருக்கிறது. வேறு விதமாகவும் சொல்லியிருக்கலாமே என்று வாசகருக்குத் தோன்றும் இடத்தில்தான் ஆசிரியர் எதையோ தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது வெளியே தெரிகிறது. எல்லாம் இயல்பாக ஓடும் இடத்தில் தேர்வு இருந்தாலும் கண்ணில் படாது.

அந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அரசியல் சீர்திருத்தம் முதலிலா, சமூகச் சீர்திருத்தம் முதலிலா என்ற பழைய சண்டையில் தொடங்குகிறார். காங்கிரஸோடு கூடவே சமூக மாநாடு என்று ஒன்று 1887 முதல் நடந்துவந்தது. பிறகு இரண்டுக்கும் ஒத்துவராமல் போய், 1895-இல் புனே காங்கிரஸின்போது, சமூக மாநாட்டுக்குக் காங்கிரஸ் பந்தலைக் கொடுத்தால் பந்தலைக் கொளுத்துவோம் என்று மிரட்டும் அளவுக்கு வந்தது. காங்கிரஸ் தரப்பின் வாதத்துக்கு மாதிரியாக அம்பேத்கர் எடுத்து வைப்பது 1892-இல் அலகாபாத் காங்கிரஸில் டபிள்யூ. சி. பானர்ஜி பேசிய தலைமையுரையை. சமூக அமைப்பைத் திருத்தும்வரை நாம் அரசியல் சீர்திருத்தத்துக்குத் தகுதியில்லை என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறார் பானர்ஜி. நம் விதவைகள் மறுமணம் செய்யாமலிருப்பதாலும், நம் பெண்களுக்கு மற்ற நாடுகளைவிடச் சீக்கிரம் கல்யாணம் ஆவதாலும் நாம் தகுதியற்றவர்களா? நண்பர்களைப் பார்க்கப் போகையில் நம் மனைவியும் மகளும் நம்மோடு வண்டியில் வராததாலா? மகள்களை ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் அனுப்பாததாலா? அடைப்புக்குறிக்குள் கரவொலி. அந்தக் கரவொலியையும் அம்பேத்கர் விடாமல் மேற்கோளில் வைத்திருக்கிறார்.

அடுத்து, இது முடிந்த வாதமா என்று கேட்டுவிட்டுச் சம்பவங்களை அடுக்குகிறார். மராட்டியப் பேஷ்வாக்களின் ஆட்சியில், சாதி இந்து வரும்போது அவர் மேல் நிழல் பட்டுவிடும் என்று தீண்டப்படாதவர் பொதுத்தெருவில் நடக்கக்கூடாது. புனேயில் தன் காலடித் தடத்தைத் தானே கூட்டிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பம், எச்சிலைத் துப்பக் கழுத்தில் மண்பானை. பிறகு பலாய்கள்: கரை வைத்த வேட்டி கட்டாதே, பெண்கள் தங்கமோ வெள்ளியோ போடாதே. அப்புறம் குஜராத்தில் கவிதா கிராமம், அங்கே அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பாதே என்று கட்டளை. 1935 நவம்பரில் சனு கிராமத்தில் கொஞ்சம் வசதியான தீண்டப்படாத வீட்டுப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்கு அடி. கடைசியாகச் சக்வாரா நெய். பேஷ்வா காலத்தில் தொடங்கி உரை அச்சேறுவதற்குச் சில வாரம் முன்புவரை வந்துவிடுகிறது வரிசை.

அதன் பிறகு அந்த ஐந்து கேள்வி. அரசியல் நாட்டமுள்ள இந்துக்களைப் பார்த்துக் கேட்கிறார்: உங்கள் நாட்டு மக்களிலேயே பெரியதொரு பிரிவினரைப் பொதுப்பள்ளியைப் பயன்படுத்த விடாத நீங்கள் அரசியல் அதிகாரத்துக்குத் தகுதியானவர்களா? பொதுக்கிணற்றை விடாத நீங்கள்? பொதுத்தெருவை விடாத நீங்கள்? விரும்பிய உடையும் நகையும் அணிய விடாத நீங்கள்? விரும்பிய உணவை உண்ண விடாத நீங்கள்? நான் இங்கே சுருக்கிவிட்டேன், அவர் சுருக்கவில்லை. "அரசியல் அதிகாரத்துக்குத் தகுதியானவர்களா" என்ற பாகத்தை ஒவ்வொரு முறையும் முழுசாகச் சொல்கிறார்.

மாணவி உற்சாகமாகி ஒரு மையக் கருத்து எழுதினார்: பானர்ஜியின் கேள்வி வடிவத்தையே எடுத்து அம்பேத்கர் அவருக்கு எதிராகத் திருப்புகிறார். நல்ல கண்டுபிடிப்பு மாதிரிதான் தெரிந்தது. ஆனால் கேள்விகளுக்கு முந்தைய வாக்கியத்தில் அம்பேத்கரே அதைச் சொல்லியிருக்கிறார். முடிந்த அளவுக்குப் பானர்ஜியையே பின்பற்றி வாதத்தை வைக்கிறேன் என்று அறிவித்துவிட்டுத்தான் கேட்கிறார். ஆசிரியர் தானே சொல்லிவிட்ட ஒன்று நம்முடைய மையக் கருத்து ஆகாது. இந்த இடத்தில் நிறையப் பேர் சோர்ந்துபோய் வேறு தலைப்புக்குத் தாவிவிடுவார்கள், தாவ வேண்டியதில்லை. "முடிந்த அளவுக்கு" என்கிறாரே, அப்படியானால் முடியாத இடம் எது? வேண்டுமென்றே விலகிய இடம் எது? ஆசிரியர் அறிவித்ததற்கும் செய்ததற்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள் போனால் தலைப்பு இன்னும் ஒரு சுற்று இறுகும். இதற்கு மேல் புதுசாக நூல் எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை, இரண்டு மேற்கோளையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்த்தால் போதுமாயிருந்தது.

எழுதிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது இது: பானர்ஜி "நாம்" என்கிறார், அம்பேத்கர் "நீங்கள்" என்கிறார். பானர்ஜி தன் கூட்டத்தோடு உட்கார்ந்துகொண்டு வெளியே யாரிடமோ கேட்கிறார், அதனால்தான் கைதட்டல். அம்பேத்கர் எதிரே நின்று கேட்கிறார். அடுத்தது, பானர்ஜி "தகுதியற்றவர்களா" என்று ஒரு முறை கேட்டுவிட்டுக் காரணங்களை அதன் கீழ் தொங்கவிடுகிறார், மூன்றும் சேர்ந்து ஒரே கேலியாகிறது. அம்பேத்கர் ஒவ்வொரு மறுப்புக்கும் தனித்தனியாக அந்தத் தகுதிக் கேள்வியைப் போடுகிறார், மொத்தமாக ஒரு பதில் சொல்லித் தப்பிக்க வழி விடாமல். மாணவியின் "ஒரு வாக்கியத்துல முடிச்சிருக்கலாமே"வுக்குப் பதில் இங்கே கிடைத்துவிட்டது. எடுத்துக்காட்டுகளின் தரமும் வேறு. வண்டியில் போவது, ஆக்ஸ்ஃபோர்டு என்பதெல்லாம் கேட்டதும் சிரிப்பு வரவேண்டும் என்று பொறுக்கிய அற்பங்கள். சமூகச் சீர்திருத்தம் என்றால் இவ்வளவுதான் என்று ஆக்கிவிடுகிறார் பானர்ஜி. பள்ளி, கிணறு, தெரு என்று அம்பேத்கர் கேட்கும்போது சிரிக்க ஒன்றுமில்லை.

மூன்றாவதாக ஒன்றை மாணவியே கண்டுபிடித்தார், எனக்கு அது தோன்றவில்லை. சம்பவங்களின் வரிசையும் கேள்விகளின் வரிசையும் ஒன்றில்லை. சம்பவங்கள் காலவரிசைப்படி ஓடுகின்றன, தெருவில் தொடங்கி உடை, பள்ளி, குடம், நெய் என்று. கேள்விகளோ பள்ளி, கிணறு, தெரு, உடை, உணவு என்று மாற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் மூன்றிலும் பொது என்ற அடை இருக்கிறது, கடைசி இரண்டும் ஒருவர் தன் உடம்பில் போட்டுக்கொள்வதும் தன் வாயில் வைத்துக்கொள்வதும். அதாவது, நீங்கள் பகிர மறுக்கும் இடங்களில் தொடங்கி, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொருவரின் இலைவரைக்கும் கேள்வி வருகிறது. கூடவே இன்னொன்றையும் கவனித்தார், சனுவில் நடந்தது கிணற்றைப் பற்றிய தகராறாக அங்கே சொல்லப்படவில்லை, குடத்தின் உலோகத்தைப் பற்றியது. கேள்வியில் அது கிணறாகிவிடுகிறது. சம்பவத்தைத் தன் வரிசைக்குள் பொருத்த அம்பேத்கர் அதைக் கொஞ்சம் பொதுமையாக்குகிறார். இதைக் குறையாகப் படிக்கலாம், ஒரு கிராமத்துக் கதையை நாடு முழுக்கத் தெரிந்த பழக்கமாக மாற்றும் உத்தியாகவும் படிக்கலாம். இரண்டாவதுதான் என் கட்சி. மாணவி தன் கட்டுரையில் இரண்டையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார், அதுவும் சரிதான்.

இதுவரை வந்ததை வைத்தே கட்டுரை எழுதலாம். ஆனால் கூர்ந்து படித்ததெல்லாம் பட்டியலாக நிற்கிறது, இது யாரை என்ன செய்கிறது என்ற பேச்சு இன்னும் வரவில்லை. அந்த "நீங்கள்" யார்? அரசியல் நாட்டமுள்ள இந்துக்கள், காங்கிரஸ்காரர்கள். சபையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் யார்? லாகூரின் சமூகச் சீர்திருத்தக்காரர்கள். கேள்வி கேட்கப்படுபவர் அறையில் இல்லை. குறிப்பிட்ட முதல் ஆளான பானர்ஜி 1906-இலேயே இறந்துவிட்டார். பானர்ஜி என்ன பதில் சொல்லியிருப்பார் என்று ஆச்சரியப்படுகிறேன், புத்தியுள்ள எவருக்கும் ஆம் என்று சொல்லத் துணிவு வராது என்று அம்பேத்கர் தொடர்கிறார். ஒரு நாடு இன்னொரு நாட்டை ஆளத் தகுதியற்றது என்ற ஆங்கிலத் தத்துவவாதி மில்லின் சூத்திரத்தைச் சொல்லும் ஒவ்வொரு காங்கிரஸ்காரரும், ஒரு வர்க்கம் இன்னொரு வர்க்கத்தை ஆளத் தகுதியற்றது என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்று முடிக்கிறார். மண்டல்காரர்களுக்கு இது இனிக்கும். நாங்களும் இதைத்தானே சொல்கிறோம் என்று தலையாட்டலாம்.

பின்னால் போகப் போக அந்த "நீங்கள்" இடம் மாறுகிறது. சாஸ்திரங்களைத் தள்ளினால் மட்டும் போதாது, அவற்றின் அதிகாரத்தையே நீங்கள் மறுக்கவேண்டும், புத்தரும் நானக்கும் செய்த மாதிரி, என்று சொல்லும்போது அந்த "நீங்கள்" சபையில் உட்கார்ந்திருக்கும் சீர்திருத்தக்காரர்தான். இப்போது மண்டலின் 1936 ஏப்ரல் கடிதத்தைத் திரும்பப் போய்ப் பார்க்கலாம். அவர்கள் முகம் சுளித்தது வேதத்தையும் இந்துக்களின் மற்ற மதநூல்களையும் தாக்கும் இடங்களில். மாணவி ஆரம்பத்தில் கதையாக எழுதிவைத்திருந்த கடிதங்கள் இங்கே ஆதாரமாக ஒரு பத்தியில் அடங்கிவிட்டன, அதுதான் அவற்றுக்கு உரிய இடமும்.

கடைசியில் அவர் எழுதிய மையக் கருத்து ஏறக்குறைய இப்படி இருந்தது: பானர்ஜியைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டே அம்பேத்கர் அவரிடமிருந்து விலகும் இடங்கள், அதாவது "நாம்" "நீங்கள்" ஆவதும், ஒரு கேள்வி ஐந்தாக உடைவதும், பொது இடத்திலிருந்து உடலுக்கு வருவதும், லாகூர் சபையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் சாட்சிகளாக உட்காரவைக்கின்றன, சாஸ்திரத்தைப் பற்றிப் பேசும்போது அந்த இருக்கையை அவர்களிடமிருந்து பிடுங்குவதற்கு இதுவே முன்னேற்பாடு. நீளமான வாக்கியம்தான், இரண்டாக உடைக்கச் சொன்னேன், உடைக்கவில்லை. ஆனால் இதை ஒருவர் மறுக்க முடியும். இல்லை, அந்தக் கேள்விகள் மண்டலையும் சேர்த்துக் கேட்டவைதான், அவர்களும் சாதி இந்துக்கள்தானே என்று எதிர்வாதம் செய்யலாம். அப்படிச் செய்பவருக்கும் இதே பகுதியில் ஆதாரம் கிடைக்கும். ஏனென்றால் கேள்விகள் முடிந்த கையோடு, சமூக மாநாடு தோற்றதற்குக் காரணம் அது உயர்சாதிக் குடும்பச் சீர்திருத்தத்தோடு நின்றதுதான், சமூகத்தை மாற்றி அமைப்பதைப் பற்றிப் பேசவில்லை என்று சீர்திருத்தக்காரர்களையும் ஒரு குத்துக் குத்துகிறார். இந்த எதிர்வாதத்துக்குக் கட்டுரையில் ஒரு பத்தி ஒதுக்கினார், கட்டுரையிலேயே உறுதியான பத்தி அது.

விட்டது நிறைய. அதே இரண்டாம் பகுதியில் அயர்லாந்து வருகிறது, வட அயர்லாந்தின் உல்ஸ்டருக்கு என்ன பாதுகாப்பு வேண்டுமோ கேளுங்கள் என்ற ஐரிஷ் தேசியத் தலைவர் ரெட்மண்டுக்கு, உங்கள் பாதுகாப்பு யாருக்கு வேண்டும், உங்கள் ஆட்சியே எங்களுக்கு வேண்டாம் என்று உல்ஸ்டர் தரப்புத் தலைவர் கார்சன் சொன்ன பதில் வருகிறது, ரோமாபுரி வருகிறது, சந்திரகுப்தருக்கு முன் புத்தர், சிவாஜிக்கு முன் மராட்டிய மகான்கள் என்ற வரிசை வருகிறது. ஒவ்வொன்றும் ருசியானது. அயர்லாந்தை விட அவருக்கு மனசே இல்லை. "இது ஐந்து கேள்விக்கு என்ன செய்யுது?" என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை, போய்விட்டது. தலைப்பு ஒழுங்காகச் சுருங்கியிருந்தால் எதை வெட்டுவது என்பதில் சண்டை நீளாது, தலைப்பே வெட்டிவிடும். முதல் தலைப்பை வைத்துக்கொண்டு அயர்லாந்தை வெட்டச் சொல்ல எனக்கும் ஒரு காரணம் இருந்திருக்காது, அதுவும் ஓர் உத்திதானே.

இவ்வளவு சுருக்கினால் 1500 சொல் வருமா என்ற பயம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. முதல் வரைவு 2000-ஐத் தாண்டியது. ஐந்து கேள்வியும் ஒரு மேற்கோளும்தான் கையில் இருந்தன. குறுகலான தலைப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது எழுதிப் பார்க்காதவர்களின் பயம். விரிந்த தலைப்பில்தான் பக்கத்தை நிரப்பப் பொதுவாக்கியம் தேட வேண்டியிருக்கிறது. அவர் வெட்டியதில் பெரும்பகுதி முன்னுரை. இயோலாவும் எட்டணாவும் போயின, அச்சேறிய ஆண்டும் மண்டல் யார் என்பதும் மட்டும் நின்றன.

ஒரு விஷயத்தில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. பானர்ஜியின் பேச்சுக்குக் கரவொலி பதிவாகியிருக்கிறது, அம்பேத்கரின் கேள்விகளைக் கேட்க யாருமே உட்காரவில்லை, உரை பேசப்படவே இல்லை. அப்படியானால் "சபையைச் சாட்சியாக்குகிறது" என்ற பேச்சு யாரைப் பற்றியது? எழுதும்போது அம்பேத்கர் மனதில் வைத்திருந்த சபையைப் பற்றியதா, எட்டணா கொடுத்து வாங்கிப் படித்தவரைப் பற்றியதா? இரண்டாம் பதிப்பு முன்னுரையில் அவர், இந்த உரை முதன்மையாக யாருக்காக எழுதப்பட்டதோ அந்த இந்து மக்களிடமிருந்தே வியப்பூட்டும் வரவேற்பு கிடைத்தது என்கிறார், அதற்குள் லாகூர் சபை விரிந்து இந்து மக்கள் ஆகிவிட்டது. இதைக் கட்டுரையின் நடுவிலேயே வைத்துப் பேசவேண்டும் என்பது என் கருத்து. அதை எடுத்தால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும் சார் என்று சொல்லி அவர் ஒரு அடிக்குறிப்பில் நான்கு வரியாகப் போட்டுவிட்டார். தலைப்பைக் காப்பாற்ற அவர் செய்தது புரிகிறது, ஆனாலும் அந்த நான்கு வரி மேலே வந்திருக்கலாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.